முழங்கையால் வாசித்தவர்: ஹென்றி கவெல் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜைப் பற்றி எழுதியபோது, அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி கவெலை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோனேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தாம் இந்த முறை அதிகம். ஆகவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கவெலின் பதிவுகளைத் தேடிக் கேட்டேன். 'பான்ஷீ' என்ற பியானோ இசை அலறுகிறது. சரி, இவர் ஒரு கலகக்காரர் என்று முடிவு செய்துகொண்டு, ஓபோ என்ற குழல் கருவிக்கும் தந்திக் கருவிகளுக்கும் அவர் எழுதிய 'ஹிம் அண்ட் ஃபியூகிங் டியூன்' பத்தாவதைக் கேட்டால், தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. பிறகு பாரசீகச் சாயலில் ஒன்று, கோட்டோ என்ற ஜப்பானியத் தந்திக் கருவிக்கு ஒன்று. இவருக்கென்று ஒரு பாணி உண்டா? எதை வைத்து இவரை ரசிப்பது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் அவர் காலத்து விமர்சகர்களுக்கும் ஏற்பட்டது. 1897-இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பிறந்து 1965-இல் மறைந்த இந்த மனிதர் எழுதியவற்றைப் பட்டியலிட்ட வில்லியம் லிக்டன்வாங்கர் 966 என்ற எண் வரையில் போக வேண்டியிருந்தது. அவற்றுள் சிம்பொனிகள் மட்டும் இருபது. இத்தனையிலும் ஒரே குரலைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

பாணி என்று ஒன்றை அவரிடம் என்னால் காட்ட முடியாது. பழக்கம் என்று ஒன்றைக் காட்ட முடியும். ஒவ்வொரு படைப்பிலும் ஏதேனும் ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தப் பொருளால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்பார். பார்த்து முடித்தவுடன் நிறுத்திக்கொள்வார். பான்ஷீயில் அவர் எடுத்துக்கொண்டது பியானோவின் வெறுந்தந்தி. நீங்கள் கேட்ட பத்தாவது ஹிம் அண்ட் ஃபியூகிங் டியூனில் எடுத்துக்கொண்டது, பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துக் கிராமத்துப் பாடகர் குழுக்கள் பாடிய ஒரு பாடல்முறை. முதலில் எல்லோரும் சேர்ந்து நிதானமாகப் பாடுவார்கள். பிறகு ஒரு குரல் முன்னால் ஓட, மற்றவை ஒவ்வொன்றாக அதைத் துரத்திக்கொண்டு வரும். வில்லியம் பில்லிங்ஸ் போன்றவர்கள் வளர்த்த அந்த முறை, ஐரோப்பிய இலக்கணம் கற்றவர்களால் 'பிழையான இசை' என்று ஒதுக்கப்பட்டு மூலையில் கிடந்தது. கவெல் அதை எடுத்துத் துடைத்து, 1943 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பதினெட்டு முறை எழுதிப் பார்த்தார். தந்தியைச் சுரண்டிய அதே ஆர்வம்தான் இங்கும் வேலை செய்கிறது. கையில் எடுத்த பொருள் மட்டுமே வேறு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய இளமைப் பருவமே விடை சொல்லும். தாய் தந்தை இருவரும் எழுத்தாளர்கள். இருவருமே அரசு, பள்ளிக்கூடம் என்று எந்த நிறுவனத்தையும் நம்பாத அராஜகவாதச் சிந்தனையாளர்கள். அவர்கள் பிரிந்துவிட, சிறுவன் தாயோடு வறுமையில் வளர்ந்தான். முறையான பள்ளிப்படிப்பு இல்லை என்றே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கியும், காட்டுச் செடிகளைப் பறித்து விற்றும் பிழைத்த அந்தச் சிறுவனைச் சந்தித்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன், தம் அறிவுத்திறன் ஆய்வில் அவனையும் சேர்த்துக்கொண்டார். சான் பிரான்சிஸ்கோவில் அவன் காதில் விழுந்தது சீனர்களின் இசை நாடகம், ஜப்பானியப் பிள்ளைகளின் பாட்டு, தந்தை வழியில் வந்த அயர்லாந்து மெட்டுகள். 'இது நம் இசை, அது பிறர் இசை' என்று வேலி போட்டுக் கொடுக்க அருகில் யாரும் இருக்கவில்லை. 1914-இல் பெர்க்லியில் இசைப் பேராசிரியர் சார்லஸ் சீகரிடம் பாடம் கேட்கச் சென்றபோது, பெட்டி நிறையத் தம் சொந்தப் படைப்புகளோடுதான் போனார்.

எனவே கவெலைக் கேட்க உட்காரும்போது 'இது நவீனமா, பழமையா' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இதில் இவர் கையில் எடுத்திருப்பது எது' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அரை நிமிடத்துக்குள் விடை கிடைத்துவிடும்.

கேள்வி: பியானோக் கட்டைகளின் மேல் முழங்கையைச் சாய்த்தால் என் மூன்று வயதுப் பேரன்கூடத்தான் அந்தச் சத்தத்தை எழுப்புவான். இதில் கலை எங்கே இருக்கிறது? கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லவும். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கோபமே இல்லை. 1923-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர மேடையில் கவெல் வாசித்தபோது, உங்களைவிடப் பலமடங்கு கோபம் கொண்டவர்கள் மேடைமீதே ஏறிவிட்டார்கள். எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் கைகலப்பில் இறங்க, காவல்துறை வந்துதான் விலக்கியது. கவெல் வாசிப்பதை நிறுத்தவில்லை. நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அவருடைய கச்சேரியைக் குத்துச்சண்டைப் போட்டியின் வருணனையாகவே எழுதிவிட்டது.

உங்கள் பேரன் கையைச் சாய்ப்பதற்கும் கவெல் சாய்ப்பதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தில் தெரியும். 'மனானானின் அலைகள்' என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ஹால்சியன் என்ற ஊரில் ஒரு பிரம்மஞானக் குடியிருப்பு இருந்தது; அங்கு நடந்த ஒரு நாடக விழாவுக்காக 1917-இல் எழுதியது இது. மனானான் என்பது, அந்தக் குடியிருப்புக் கவிஞர் ஜான் வேரியன் அயர்லாந்துத் தொன்மத்திலிருந்து எடுத்துச் சொன்ன கதையில், படைப்புக்கு முன்பே பேரலைகளை எழுப்பிய தெய்வம். வலது கை ஓர் அயர்லாந்துச் சாயல் மெட்டைச் சாதாரணமாக வாசிக்க, இடது கை பியானோவின் ஆழமான மந்திர ஸ்தாயியில் முழங்கை முதல் விரல்நுனி வரை படுத்து எழுகிறது. எந்தச் சுரத்தில் தொடங்கி எந்தச் சுரத்தில் முடிய வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு தடித்த கோடு இணைக்கும். மேலே ஒரு குறி இருந்தால் கறுப்புக் கட்டைகள் மட்டும், வேறொரு குறி இருந்தால் வெள்ளைக் கட்டைகள் மட்டும், குறியே இல்லையென்றால் எல்லாமும். எல்லாக் கட்டைகளும் ஒரே நொடியில், ஒரே அழுத்தத்தோடு இறங்க வேண்டும். முழங்கை எலும்பு முந்திக்கொண்டால் அடி விழுந்த சத்தம் வரும். முன்கையின் சதை சமமாக அமர்ந்தால் தொலைவில் கடல் உறுமுவதுபோல் வரும். வீட்டில் பியானோ இருந்தால், முதலில் மெல்லிய ஒலியில் இதைச் செய்து பாருங்கள். எனக்குப் பத்துக்கு ஒன்றுதான் தேறிற்று.

இப்படிச் சுரங்களைக் கொத்தாக அழுத்துவதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடக் கூடாது. அவருக்கு முன்பே பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான லியோ ஆர்ன்ஸ்டைன் செய்திருக்கிறார். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் அயிவ்ஸ் தம் 'காங்கார்டு' சொனாட்டாவில் 14¾ அங்குல நீளமுள்ள ஒரு மரக்கட்டையால் கட்டைகளை அழுத்தச் சொல்லியிருக்கிறார். கவெல் செய்தது அதற்கு ஒரு பெயரும் எழுத்துமுறையும் இலக்கணமும் கொடுத்தது. நாம் சுரக்கொத்து என்று சொல்லிக்கொள்ளலாம். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக், தாம் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கவெலிடம் அனுமதி கேட்டார். ஓர் உத்தியை அனுமதி கேட்டுக் கடன் வாங்குவது இசை உலகில் அன்றாடம் நடக்கிற காரியம் அன்று.

கேள்வி: நான் மிருதங்க மாணவன். கவெல் 'தாளமும் சுருதியும் ஒன்றே' என்று சொன்னதாகப் படித்தேன். இது கவித்துவமாகச் சொன்னதா, அல்லது கணக்கா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: கணக்கேதான், அதுவும் நீங்கள் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடக் கூடிய கணக்கு. நொடிக்கு 240 அதிர்வு உள்ள ஒரு சட்ஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய பஞ்சமம் 360. அந்தரகாந்தாரம், இயற்கை அளவில், 300. மூன்றையும் சுருக்கினால் 4, 5, 6. இப்போது இதே மூன்றையும் அறுபது மடங்கு மெதுவாக்குங்கள். சட்ஜம் நொடிக்கு நான்கு தட்டாகவும், காந்தாரம் ஐந்து தட்டாகவும், பஞ்சமம் ஆறு தட்டாகவும் ஆகிவிடும். உங்கள் பாஷையில் சொன்னால், ஒரே அக்ஷர காலத்துக்குள் சதுஸ்ரமும் கண்டமும் திஸ்ரத்தின் இரட்டிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. காது வேகமாகக் கேட்கும்போது இனிய சேர்க்கையாக ஒலிப்பது, மெதுவாகக் கேட்கும்போது சிக்கலான லயமாக ஒலிக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே விகிதம். இந்தக் கருத்தைத் தம் இருபதாம் வயதையொட்டி, 1916-க்கும் 1919-க்கும் இடையில் எழுதி, 1930-இல் 'புதிய இசை வளங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வெளியிட்டார்.

எழுதியதோடு விடவில்லை. இணக்கமான சுரச் சேர்க்கைகளின் விகிதங்களை அப்படியே லயமாக மாற்றி, இரண்டு புல்லாங்குழல், ஒரு வயலின், ஒரு வியோலா ஆகியவற்றுக்கு 'குவார்டெட் ரொமான்டிக்' என்ற நால்வர் இசையை எழுதினார். நான்கு பேரும் ஒருவருக்கொருவர் பொருந்தாத நடைகளில் போய்க்கொண்டே ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். மனிதர்களால் வாசிக்க முடியாது என்று அவரே கருதினார். பிறகு, மனிதர்களால் முடியாவிட்டால் இயந்திரத்தால் முடியுமே என்று லியோன் தெரமினைப் போய்ப் பார்த்தார். தொடாமலே வாசிக்கப்படும் மின்னிசைக் கருவியை உருவாக்கிய அதே ரஷ்யப் பொறியாளர்தான். அவர் கட்டிக் கொடுத்த கருவிக்கு ரிதமிகான் என்று பெயர். துளையிட்ட வட்டுகள் சுழல, அவற்றின் வழியே வரும் ஒளிக்கற்றைகளை ஒளிமின் கலங்கள் பிடித்து ஒலியாக்கும். பதினேழு கட்டைகள். முதல் கட்டையை அழுத்தினால் ஒரு காலத்துக்கு ஒரு தட்டு, இரண்டாவதில் இரண்டு, ஐந்தாவதில் ஐந்து, ஏழாவதில் ஏழு, இப்படிப் பதினாறு வரை. ஒவ்வொன்றின் சுருதியும் அதே எண்ணுக்குரிய மேற்சுரமாக, அதாவது அடிப்படைச் சுரத்தைப்போல் அத்தனை மடங்கு அதிர்வுள்ளதாக இருக்கும். பதினேழாவது கட்டை லயத்தைச் சற்று இடறச் செய்வதற்கு. 1932-இல் நியூயார்க்கின் நியூ ஸ்கூல் கல்வி நிறுவனத்தில் இது அரங்கேறிற்று. ஒரு விரலால் மிஸ்ரமும் (ஏழு) மறு விரலால் சங்கீர்ணமும் (ஒன்பது) பிசகாமல் ஓட்டக் கூடிய ஒரு கருவியைக் கற்பனை செய்து பாருங்கள். நம் வித்வான்கள் அந்த அறையில் இருந்திருந்தால் கணக்கு வழக்கில் அதோடு மோதிப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் இதற்காக அவர் எழுதிய 'ரிதமிகானா' என்ற படைப்பு மேடையேறியது 1971-இல்தான், அதுவும் கணினியின் துணையோடு. கவெல் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தகத்தில் அவர் போகிற போக்கில் சொன்ன மற்றொரு யோசனை, அதாவது இத்தகைய லயங்களைத் தானே வாசிக்கும் பியானோவின் காகிதச் சுருளில் துளையிட்டு எழுதலாம் என்பது, அதைப் படித்த கான்லன் நான்காரோ என்ற இளைஞரைப் பற்றிக்கொண்டது. அவர் மெக்சிகோவில் ஒதுங்கி வாழ்ந்து, ஆயுள் முழுவதும் அந்தச் சுருள்களில் துளையிடுவதையே தம் இசைப்பணியாக ஆக்கிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். இந்தக் கொள்கையைக் கவெல் கர்நாடக இசையிலிருந்து எடுத்தார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எடுக்கவில்லை. அதை எழுதியபோது நம் நடை பேதங்களை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. அந்தச் சந்திப்பு பின்னால் நிகழ்ந்தது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: கவெல் 'மெட்ராஸ்' என்றே ஒரு சிம்பொனி எழுதியிருக்கிறாராமே? அதில் நம் இசை உண்மையில் இருக்கிறதா, பெயர் மட்டும்தானா? (வாசகர், சென்னை)

பதில்: கதை பெர்லினில் தொடங்குகிறது. 1931-இல் குகன்ஹைம் நிதியுதவி பெற்று அங்கே சென்ற கவெல், உலகெங்கும் பதிவான இசைத்தட்டுகளையும் மெழுகு உருளைகளையும் சேர்த்து வைத்திருந்த ஒலிக்காப்பகத்தில், இசை ஆய்வாளர் எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டலின் வழிகாட்டுதலில் படித்தார். காப்பகத்தில் கேட்பதோடு நில்லாமல், ஜாவா இசையை ஜாவாக்காரரிடமும், கர்நாடக இசையை அப்போது ஜெர்மனியில் இருந்த நம் பி. சாம்பமூர்த்தியிடமும் கற்றார். ஆம், பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தூணாக விளங்கி, தென்னிந்திய இசை பற்றிய பாடநூல் தொகுதிகளை எழுதிய அதே பேராசிரியர்தான். அந்தத் தொகுதிகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய தலைமுறையினருள் எத்தனை பேருக்கு, தங்கள் ஆசிரியருக்கு இப்படி ஓர் அமெரிக்க மாணவர் இருந்தார் என்று தெரியும்?

அந்தப் பாடம் வெளிப்பட நீண்ட காலம் ஆகவில்லை. 1934-இல் தாளக் கருவியாளர் எட்டுப் பேருக்காக எழுதிய 'ஆஸ்டினாட்டோ பியானிஸிமோ' என்ற படைப்பில், மரக்கட்டைகள், முரசுகள், கோங்குகள், தந்தியை நேரடியாகத் தொட்டு வாசிக்கும் பியானோக்கள் ஆகியவற்றுக்கு நடுவே எட்டுப் பீங்கான் கிண்ணங்களும் இருக்கின்றன. அதைக் குறிக்க அவர் எழுதிய சொல் ஜலதரங்கம். நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த இசையில் ஒவ்வொருவரும் தத்தம் சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கட்டுகளின் நீளங்கள் வெவ்வேறு என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒன்றன்மேல் ஒன்று வேறு வேறு இடங்களில் விழுந்துகொண்டே இருக்கும். ஏறத்தாழ முழுவதும் மெல்லொலி. என்னைக் கேட்டால் கவெலின் ஆகச் சிறந்த படைப்புகளுள் இது ஒன்று. 1943-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இதை மேடையேற்றியவர் ஜான் கேஜ்.

இனி நீங்கள் கேட்ட சிம்பொனி. 1956-57-இல் கவெல் தம் மனைவி சிட்னியோடு ஆசியாவைச் சுற்றி வந்தார், சென்னைக்கும் வந்தார். அந்தப் பயணத்தின் விளைவாக எழுந்தவை தெஹ்ரானில் எழுதிய 'பெர்ஷியன் செட்', ஜப்பானியச் சாயலில் அமைந்த 'ஓங்காக்கு', பதின்மூன்றாம் சிம்பொனியான 'மெட்ராஸ்' ஆகியவை. சிம்பொனி 1959 மார்ச்சில் சென்னையிலேயே அரங்கேறிற்று. சுற்றுப்பயணம் வந்திருந்த நியூயார்க்கின் லிட்டில் ஆர்க்கெஸ்ட்ரா சொசைட்டி, தாமஸ் ஷெர்மன் நடத்த, அதை வாசித்தது.

நம் இசை அதில் இருக்கிறதா என்றால், ஜலதரங்கமும் தபலாவும் வாத்தியக் குழுவில் இருக்கின்றன. மெட்ராஸ் என்று பெயர் வைத்துவிட்டு மிருதங்கத்தை விட்டுவிட்டுத் தபலாவை அமர்த்தியதை மயிலாப்பூர் ரசிகர் ஒருவர் மன்னிப்பது கடினம். ஓர் அடிப்படைச் சுரத்தின்மேல் மெட்டு நிதானமாக விரிவது, மேற்கத்திய முறையில் அடுத்தடுத்துச் சுரச் சேர்க்கைகளை மாற்றாமல் ஒரே இடத்தில் நின்று கேட்பது என்று அவர் உண்மையாகக் கற்றவை தெரிகின்றன. ஆனால் சுரங்களை அசைத்தும் இழைத்தும் ஒலிக்கச் செய்யும் கமகம் இல்லை. வயலின்கள் சுரங்களைப் படிக்கட்டுகளைப்போல் ஒவ்வொன்றாக மிதித்து ஏறுகின்றன. கமகம் இல்லாத ராகம், ராகத்தின் பெயர்ப்பலகை மட்டுமே என்று நினைக்கிறவன் நான். மேலும், ஒரு பொருளை எடுத்துச் சில நிமிடங்கள் பார்த்து வைத்துவிடுகிற அவருடைய பழக்கத்துக்கு, சிம்பொனி என்ற நீண்ட வடிவம் இடைஞ்சலாகவே இருந்தது. இதே பயணத்தில் பிறந்த பெர்ஷியன் செட் சிறு குழுவுக்கானது, சிறு சிறு பகுதிகளால் ஆனது; அதனாலேயே எனக்கு அது மேலானதாகப் படுகிறது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய படைப்பு என்பதற்காக அதை உயர்த்திச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் உள்ள இசை மாணவர்கள் ஒருமுறையேனும் கேட்க வேண்டிய படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: சிறைக்குச் சென்று வந்த பிறகு கவெல் துணிச்சலை இழந்து சாதுவாகிவிட்டார் என்று ஒரு நூலில் படித்தேன். இது நியாயமான மதிப்பீடா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நிகழ்ந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1936-இல், பதினேழு வயது இளைஞன் ஒருவனுடனான ஒருபால் உறவு தொடர்பான குற்றச்சாட்டில் கவெல் கைது செய்யப்பட்டார். கலிஃபோர்னியாவின் அன்றைய சட்டம் அவருக்கு அதிகபட்சம் பதினைந்து ஆண்டுகள் வரை விதித்தது. சான் குவென்டின் சிறையில் நான்கு ஆண்டுகள் இருந்தார். 1940-இல் நிபந்தனையோடு விடுதலையானார். 1942-இல் ஆளுநரின் முழு மன்னிப்பு கிடைத்தது. அவருக்கு நெருங்கிய நண்பராக இருந்த அயிவ்ஸ், செய்தி கேட்டுத் தொடர்பை முறித்துக்கொண்டார். கவெல் 1927-இல் தொடங்கிய 'நியூ மியூசிக்' காலாண்டிதழ்தான் அயிவ்ஸின் நான்காம் சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை முதன்முதலில் அச்சேற்றியது என்பதையும், அந்த இதழுக்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர் அயிவ்ஸ்தான் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த முறிவின் கசப்பு புரியும். பின்னாளில் இருவரும் சமாதானமானார்கள். அயிவ்ஸைப் பற்றிய முதல் நூலை 1955-இல் எழுதி வெளியிட்டவர்கள் கவெலும் அவர் மனைவியுமே. விடுதலையானவருக்கு உடனடியாகத் தம் வீட்டில் செயலாளர் வேலை கொடுத்தவர் பெர்சி கிரெயிஞ்சர் என்ற மற்றொரு இசையமைப்பாளர்.

இப்போது மதிப்பீட்டுக்கு வருவோம். நாற்பதுகளுக்குப் பிறகு எழுதியவை பெரும்பாலும் காதுக்கு எளியவை என்பது உண்மைதான். ஆனால் அந்த எளிமை சிறையில் பிறந்தது என்பதைத் தேதிகள் மறுக்கின்றன. தேவாலயப் பாடலிலும் நாட்டுப்பாட்டிலும் அவருக்கு இருந்த ஈடுபாடு கைதாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இளமைப் பரிசோதனைகளிலேயே அயர்லாந்து மெட்டு இருக்கிறதே! மறுபுறம், சிறைக்குள்ளும் பரிசோதனை நிற்கவில்லை. கைதிகளின் வாத்தியக் குழுவை நடத்தி, அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, அறுபதுக்கு அருகில் புதிய படைப்புகளை எழுதினார். கேஜின் குழுவுக்காக 1939-இல் எழுதிய 'பல்ஸ்', 'ரிட்டர்ன்' என்ற தாளக் கருவிப் படைப்புகளும் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவையே.

'மோசைக் குவார்டெட்' என்ற நால்வர் இசையை 1935-இல் எழுதியிருந்தார். அதில் ஐந்து பகுதிகள். எதை முதலில் வாசிப்பது, எதை எத்தனை முறை வாசிப்பது என்பதைக் கலைஞர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். இதே யோசனையை 1963-இல், மரணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, மறுபடி கையிலெடுத்து '26 சைமல்டேனியஸ் மோசைக்ஸ்' எழுதினார். இந்த முறை ஐந்து கலைஞர்களும் தங்கள் பகுதிகளை ஒருவரையொருவர் எதிர்பாராமல், தாம்தாம் விரும்பிய வரிசையில் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். அறுபத்தாறு வயதில் இதைச் செய்தவரை அடங்கிப்போனவர் என்று எப்படிச் சொல்வது? சிறை அவரிடமிருந்து எதையோ பறித்துத்தான் இருக்க வேண்டும். மேடையில் பியானோவோடு மல்லுக்கட்டிய அந்த ஆட்டம் பிறகு குறைந்துபோயிற்று. ஆனால் அவருடைய காதை அது மாற்றவில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: 966 படைப்புகள் எழுதியவரிடம் சரக்கு நீர்த்துப்போகாதா? (வாசகர், மதுரை)

பதில்: போகும், போயிருக்கிறது. நண்பர்களின் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் வாழ்த்து மடல் எழுதுவதுபோல் எழுதித் தந்த சிறு மெட்டுகள் அந்தப் பட்டியலில் ஏராளம். சில சிம்பொனிகளைக் கேட்டு முடித்தபின் ஒரு மெட்டும் நினைவில் தங்குவதில்லை. ஐம்பது படைப்புகள் தேறும் என்று நான் சொல்வேன்; இருபதாம் நூற்றாண்டில் அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் அதிகம் பேர் இல்லை.

கேள்வி: என் மகள் ஆறு ஆண்டுகளாகப் பியானோ கற்கிறாள். அவள் வாசிக்கக் கூடிய கவெல் படைப்பு ஏதேனும் உண்டா? பான்ஷீயை வாசிக்க ஆசைப்படுகிறாள். (வாசகி, புதுச்சேரி)

பதில்: பான்ஷீ என்பது அயர்லாந்து நாட்டார் நம்பிக்கையில், ஒரு வீட்டில் சாவு நெருங்கும்போது வெளியே நின்று ஓலமிடும் பெண் ஆவி. இந்தப் படைப்பை முதன்முதலில் நான் இரவில் கேட்டபோது, என்ன ஆயிற்று என்று அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து கேட்டார்கள். இதை வாசிக்க இருவர் வேண்டும். ஒருவர் பியானோவின் முன் அமர்ந்து வலது பெடலை முதலிலிருந்து கடைசிவரை அழுத்திப் பிடித்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய மாட்டார். வாசிப்பவர் பியானோவின் வளைந்த பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே கை விட்டுத் தந்திகளையே மீட்டுவார். மந்திர ஸ்தாயித் தந்திகள்மேல் செம்புக்கம்பி சுற்றியிருக்கும். அதன் நீளவாக்கில் விரற்சதையால் இழுத்தால் முனகலும், நகத்தால் இழுத்தால் கிறீச்சிடும் ஓலமும் வரும். எங்கே எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துகளைக் குறியாகப் போட்டு, பக்கத்தின் முகப்பிலேயே விளக்கம் எழுதியிருக்கிறார். ஒரு கட்டையைக்கூட அழுத்த வேண்டியதில்லை. இந்த ஒலியை நினைவில் வைத்திருந்துதான் கேஜ் பின்னாளில் தந்திகளுக்கிடையே திருகாணிகளைச் செருகித் தம் பியானோவை உருவாக்கினார்.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது 1923-இல் எழுதப்பட்ட 'ஏயோலியன் ஹார்ப்'. இடது கையால் ஒரு சுரச் சேர்க்கையை ஒலி எழாதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உள்ளே தந்திகளைக் குறுக்காக வருட வேண்டும். அழுத்திய கட்டைகளுக்குரிய தந்திகள் மட்டும் தடையின்றி ஒலிக்கும், மற்றவை அடங்கிக் கிடக்கும். காற்று தானே வந்து யாழை மீட்டியதுபோல் இருக்கும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். சுவரோடு நிற்கும் பியானோவில் இது நடக்காது, மூடி திறக்கும் கிராண்ட் பியானோ வேண்டும். உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கையை நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். விரலின் எண்ணெயும் வியர்வையும் பட்டால், புதுச்சேரியின் கடற்காற்றில் அந்தத் தந்திகள் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.